தட்டில் இல்லாத நகை

நினைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

கோதண்டபாணி மாஸ்டர் காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. அவர் வரைந்த உருவப்படங்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கித் திருப்பதியில் ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம், கூடவே ஒரு மலரும் போடுகிறார்களாம். முப்பத்தொரு வருடம் அவரிடம் வேலை பார்த்தவன் நான். “மாஸ்டரைப் பத்தி உங்களைவிட யாருக்கு சார் தெரியும்?” என்றார் வந்தவர்களில் இளையவர். இப்படி ஒருவர் கேட்டால் பதிலை அவரே கையில் வைத்திருக்கிறார் என்று பொருள். வைத்திருந்தார்.

“இப்பல்லாம் கடையில போட்டோவை கம்ப்யூட்டர்ல ஏத்தி, கழுத்துக்கு எந்த நகை வேணும்னு கேட்டு ஒட்டி, கேன்வாஸ்ல பிரிண்ட் எடுத்து, மேல ரெண்டு இழுப்பு இழுத்து ஆயில் பெயிண்டிங்னு குடுத்துடறாங்க. மாஸ்டர் அப்படியா? உள்ளதை உள்ளபடி போட்டவர். ஒரு பொட்டுகூட சேர்க்க மாட்டார். அதைப் பத்தி எழுதுங்க சார்.”

சரி என்றேன். எழுதுகிறேன். அவர்கள் இதை அச்சில் போடுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

விஜயபுரம் மண்டலத்தில் ஒரு காலனியில் பிறந்தவன் நான். நைனா, அதாவது அப்பா, அடுத்தவர் நிலத்தில் கூலி. எனக்குச் சுவர் கிடைத்தால் போதும், கட்சிச் சின்னமோ சோப்பு விளம்பரமோ எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். புத்தூரில் நான் எழுதிய ஒரு நகைக்கடைச் சுவரை மாஸ்டர் காரை நிறுத்திப் பார்த்தார். அதில் ஒரு காசுமாலை இருந்தது. காசு ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெளிச்சம் விழும் இடத்தைச் சரியாகப் போட்டிருந்தேனாம். மறுவாரம் திருப்பதிக்குப் போனேன். ஆறு வருடம் பிரஷ் கழுவினேன், கேன்வாஸ் அடித்தேன், வர்ணம் அரைத்தேன். ஏழாவது வருடம் நகையும் புடவையும் என் கைக்கு வந்தன. கடைசி வரை அவைதான் என் வேலை.

மாஸ்டரின் பெருமையைச் சொல்ல வேண்டும், அதில் எனக்குக் கஞ்சத்தனம் இல்லை. ஶ்ரீகாளஹஸ்தியில் போர்டு எழுதுகிறவருக்குப் பிறந்து, மெட்ராசில் படித்து, திருப்பதி சித்தூர் இரண்டு ஊரிலும் பணமுள்ள வீடு எதுவும் தன்னைத் தவிர்க்க முடியாதபடி செய்தவர். டாக்டர்கள், லாரி முதலாளிகள், குப்பம் ஊர்க் கிரானைட்காரர்கள், நகரியில் விசைத்தறி வைத்திருப்பவர்கள், முன்னாள் இந்நாள் அரசியல்வாதிகள் எல்லோரும் அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஹாலில் மாஸ்டர் படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார்கள். யாரையும் மரியாதை குறைவாகப் பேச மாட்டார். என்னைக்கூட “ஏகாம்பரம், கொஞ்சம் வர்றீங்களா?” என்றுதான் கூப்பிடுவார். சம்பளம் தருகிறவர் வேலைக்காரனிடம் இவ்வளவு மரியாதையாக இருந்தால் அதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று நான் முதல் நாளே நினைத்தேன். முப்பத்தொரு வருடம் தேடியும் காரணம் கிடைக்கவில்லை. இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

அவர் வேலை செய்யும் முறை இது. முதல் சிட்டிங்கில் பிரஷைத் தொட மாட்டார். வந்தவருக்குக் காபி கொடுத்துப் பேசிக்கொண்டே இருப்பார். நடுவில் வேண்டுமென்றே எதையாவது சந்தேகமாகக் கேட்பார். உங்கள் ஃபேக்டரியில் போன வருடம் பங்காளி பிரிந்து போனாராமே என்பது போல. வந்தவர் முகம் ஒரு பக்கம் திரும்பும். அந்தப் பக்கத்தைத்தான் வரைவார். “மனுஷன் ஜாக்கிரதையா இருக்கறப்ப எந்தக் கன்னத்தை காட்டறானோ அதான் அவன் முகம்” என்பார். அடுத்த மூன்று நான்கு சிட்டிங்கில் முகமும் கையும். அந்த அறையில் கண்ணாடி கிடையாது. சொந்தக்காரர்களுக்கு அனுமதி கிடையாது. தழும்பு, மரு, அம்மைத் தடம், கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை எதையும் விட மாட்டார். முகம், கை என்ற இந்தச் சதை வேலையில் அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

சதை வேலை காய்ந்ததும் அதன்மேல் மெல்லியதாக ஒரு வார்னிஷ் போடுவார். அது எனக்காக. அதற்கு மேல்தான் நான் நகை போட வேண்டும். என் கை எங்கேயாவது தவறினால் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தால் போதும், என் வர்ணம் மட்டும் வந்துவிடும், அவருடைய தோல் அப்படியே இருக்கும். என் தப்பு அவர் வேலையைத் தொடக்கூடாது என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

நகை நாள் என்று ஒன்று உண்டு. வீட்டிலிருந்து நகைகளை ஒரு பெட்டியில் கொண்டுவருவார்கள். கூடவே நம்பிக்கையான ஒரு உறவு வரும். பித்தளைத் தட்டில் சிவப்புத் துணி விரித்து நகைகளை அந்த உறவுக்காரரே பரப்புவார். நான் தொடக்கூடாது. இரண்டு கை தூரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டிரேசிங் பேப்பரில் வரைவேன். தட்டைத் திருப்ப வேண்டுமென்றால், “அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம்” என்று கேட்க வேண்டும். வீட்டுக்கு வரும் புடவைக்காரன், பூக்காரன் யாரிடமும் அவர்கள் இப்படி இல்லை. நான் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வருவார்கள். போகும்போது துணியை உதறுவார்கள், ஸ்டூலுக்குக் கீழே குனிந்து பார்ப்பார்கள். ஒரு அம்மாள் என் டீ டம்ளரைக்கூடச் சாய்த்துப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் பை இல்லாத சட்டை தைத்துக்கொண்டேன். நகை நாளில் அதைத்தான் போடுவேன். இத்தனை வருடம் எல்லோரும் என்னைச் சந்தேகப்பட்டதில் நானும் எல்லோரையும் சந்தேகப்படப் பழகிவிட்டேன்.

டிரேசிங் பேப்பரின் பின்பக்கம் எந்த வீட்டு நகை என்று பென்சிலில் எழுதி ஃபைலில் போடுவேன். அந்த ஃபைல்தான் மாஸ்டரின் ரகசியம். உள்ளதை உள்ளபடி வரைவது சதையோடு முடிந்துவிடும். வார்னிஷ் காய்ந்ததும் என்னைக் கூப்பிடுவார். படத்தின் முன் நின்று, பிரஷின் பின்முனையால் ஒரு இடத்தைத் தொடுவார். “ஏகாம்பரம், இங்க கொஞ்சம் வெயிட் வேணும்” என்பார். அவ்வளவுதான். ஏன் என்று கேட்கக்கூடாது. கழுத்தில் ஆபரேஷன் தையல் இருக்கும், அங்கே ஒரு அட்டிகை ஏறும். நெற்றியில் பழைய வெட்டுக்காயம் இருக்கும், நெற்றிச்சுட்டி இறங்கும். விரல் இல்லாத ஒரு ஆலை முதலாளியின் கையில் சரிகை அங்கவஸ்திரம் சுற்றிக்கொண்டது. அந்த வீட்டில் அந்த நகை இல்லையென்றால் ஃபைலில் வேறு வீட்டு நகை இருக்கும். சதையில் பொய் சொல்லாதவர் தங்கத்தில் தாராளமாகச் சொன்னார்.

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. படம் திறக்கும் நாளில் வீட்டார் எல்லோரும் நிற்பார்கள். தன்னிடம் இல்லாத நகை தன் கழுத்தில் தொங்குவதைப் பார்த்து, “இது என்னுடையது இல்லையே” என்று சொன்ன ஒரு பெண்ணையும் நான் பார்த்ததில்லை. ஒருத்தர்கூட இல்லை.

இனி ராஜேஸ்வரம்மா கதைக்கு வருகிறேன்.

சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி வைத்திருந்தவரின் மனைவி. படத்துக்கு வந்தபோது கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஃபேக்டரியை இந்த அம்மாள்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. நம் எல்லைப் பக்கத்துத் தமிழ் பேசுவார். இரண்டு பெண்கள், மூத்தவள் சுமதி பெங்களூரில், இளையவள் ஹேமா ஹைதராபாத்தில். படம் முடிந்து நான்கு வருடம் கழித்து ராஜேஸ்வரம்மா இறந்துபோனார். கடைசி எட்டு மாதம் படுக்கை. அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, எடுத்துப் போட்டதெல்லாம் நகரிப் பக்கத்துக் கன்னியம்மா. பதினைந்து வருடம் அந்த வீட்டில் வேலை பார்த்தவள்.

காரியம் முடிந்து இருபது நாள் இருக்கும். சுமதி ஸ்டுடியோவுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் அழுத சிவப்பு இல்லை. ஹாலில் இருக்கும் அம்மாவின் படத்தைப் போனில் எடுத்து வைத்திருந்தார். இடது மேல்கையைப் பெரிதாக்கிக் காட்டினார். தோளுக்குக் கீழே வளைந்து, முனை கூராக நிற்கும் வங்கி என்கிற கைநகை. இரண்டு கிளி, நடுவில் சிவப்புக் கல், கீழே முத்து தொங்கல்.

“லாக்கர்ல இது இல்ல மாஸ்டர் காரு” என்றார், தெலுங்கு மரியாதையில். “வீடு பூரா தேடிட்டோம். அம்மா ரூம் சாவி கன்னியம்மாகிட்டதான் இருந்துச்சு. கேட்டா அப்படி ஒரு வங்கியே கிடையாதுன்னு சாதிக்கறா. படத்துல இருக்கு, நாங்க என்ன குருடா? என் தங்கச்சி வளைகாப்புக்கு அம்மா இதை போட்டுக்கிட்டிருந்ததை நான் என் கண்ணால பார்த்திருக்கேன். ஸ்டேஷன்ல கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கோம். அடையாளத்துக்கு ஒரு படம் வேணுமாம். போன்ல எடுத்தது கலங்கலா இருக்கு. நீங்கதான் தெளிவா வரைஞ்சு தரணும்.”

மாஸ்டர் போனை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை என் பக்கம் நீட்டி, “போட்டுக் குடுங்க, ஏகாம்பரம்” என்றார்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? இந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

நான் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். உள்ளங்கை அளவு வங்கியை ஒரு முழு அட்டையில் பெரிதாக்கினேன். கிளியின் அலகு, கல் பதித்த கூடு, திருகாணி இருக்க வேண்டிய இடம் எல்லாம் துல்லியமாக. வரையும்போது கன்னியம்மாவை நினைத்துக்கொண்டேன். நகை நாளில் பெட்டியோடு அவளும் வந்திருந்தாள், கதவோரம் நின்று என்னைப் பார்த்து, “ணா, நீங்க எந்த ஊரு?” என்று கேட்டாள். சொன்னேன். “அட, நம்ம பக்கந்தான்” என்று சிரித்தாள். எட்டு மாதம், கையில் சாவி, படுத்த படுக்கையாக ஒரு அம்மாள். யாருக்குத்தான் சபலம் வராது என்று நினைத்தேன். படத்தைக் கொடுத்தபோது சுமதி, “அச்சு அசல்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் படம் என்ன செய்தது என்பது எனக்குப் பத்து நாள் கழித்துத் தெரிந்தது. ஊரிலிருந்து என் தம்பி போன் செய்து வேறு ஏதோ பேசிவிட்டுச் சொன்னான். போலீஸ் கன்னியம்மாவின் ஊருக்குப் போயிருக்கிறார்கள். பெட்டியைத் தெருவில் கவிழ்த்திருக்கிறார்கள். அரிசி டிரம்மை வாசலில் கொட்டிக் கம்பை விட்டுத் துழாவியிருக்கிறார்கள். நகரி, புத்தூர் நகைக்கடைகளில் எல்லாம் ஒரு அட்டையைக் காட்டி, இதை விற்க வந்தார்களா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கன்னியம்மாவைச் சித்தூரை விட்டுப் போகக்கூடாது என்று சொல்லி, தினமும் காலையிலிருந்து சாயந்திரம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைக்கிறார்கள்.

“எடுத்தாளோ இல்லியோ தெரில. ஆனா அந்த அட்டைப் படத்தைப் பார்த்தவனெல்லாம் அவதான் எடுத்துட்டான்னு சொல்லிக்கினு இருக்கான். அவ்ளோ நல்லா வரைஞ்சிருக்கான் எவனோ” என்றான் தம்பி.

அந்த எவன் நான்தான் என்று அவனுக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் எனக்கு ஞானோதயம் ஒன்றும் வந்துவிடவில்லை. அடுத்த வாரம் ஒரு லாரி முதலாளி மனைவி படத்துக்காக ஃபைலைப் பிரித்தேன். பழைய டிரேசிங் கட்டு ஒன்று சரிந்து விழுந்தது. அதில் அந்த வங்கி இருந்தது. இரண்டு கிளி, சிவப்புக் கல், முத்து. பின்பக்கம் திருப்பினேன். என் கையெழுத்து. திருப்பதியில் ஒரு கண் டாக்டர் வீட்டின் பெயர். ராஜேஸ்வரம்மா படம் போடுவதற்குப் பல வருடங்களுக்கு முன்னால் வரைந்தது.

அப்போதுதான் நகை நாள் முழுசாக ஞாபகம் வந்தது. ராஜேஸ்வரம்மாவின் தட்டு பெரியது, ஆனால் அதில் வங்கி இல்லை. மாஸ்டர் பிரஷின் பின்முனையால் இடது மேல்கையைத் தொட்டார். “இங்க கொஞ்சம் வெயிட்.” கையில் ஏதோ பச்சையாகக் கலங்கித் தெரிந்தது, உற்றுப் பார்க்கவில்லை. சதைக்கு அடியில் பச்சைப் பூச்சுக் கொடுப்பது மாஸ்டர் வழக்கம், அது சரியாக மூடாமல் மேலே தெரிகிறது போலிருக்கிறது என்று நினைத்து, அதன்மேல் கண் டாக்டர் மனைவியின் வங்கியைப் போட்டேன். அந்த மாதம் ஐந்து படம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. போட்டேன், மறந்தேன்.



டிரேசிங்கை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். அவர் சாப்பாட்டுக்கு முன் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் வைத்தேன். இரண்டு பக்கமும் பார்த்தார்.

“சித்தூருக்குச் சொல்லிடலாம் மாஸ்டர்” என்றேன்.

“என்னன்னு சொல்வீங்க?”

“நாமளா போட்டோம்னு.”

“அப்புறம்? ஒவ்வொரு வீட்லயும் எது நாமளா போட்டது, எது அவங்களோடதுன்னு கேப்பாங்க. எத்தனை வீடு ஏகாம்பரம்? எத்தனை மருமகள்? அந்தப் படங்களை வச்சு எத்தனை பேர் பாகம் பிரிச்சிருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அந்தப் பொம்பளை ஸ்டேஷன்ல உக்காந்திருக்கா மாஸ்டர்.”

“நகை கிடைக்கலன்னா அவங்களே விட்டுருவாங்க.” செய்தித்தாளை மடித்தார். “போட்டது நீங்க. உங்களுக்கே ஞாபகம் இல்லாதது எனக்கு எப்படி இருக்கும்?”

மரியாதை ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு சித்தூர் பஸ் ஏறினேன். மஞ்சப்பையில் ஒரு பாட்டில் ஸ்பிரிட், கொஞ்சம் டர்பன்டைன், ஒரு கட்டுப் பஞ்சு, நாலு மூங்கில் குச்சி. பாகாலா தாண்டும்வரை என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தேன். ராஜேஸ்வரம்மா பிறகு ஒருவேளை உண்மையாகவே ஒரு வங்கி செய்துகொண்டிருந்தால்? படத்தில் பார்த்து ஆசைப்பட்டு அதே மாதிரி அடித்துக்கொண்டவர்கள் உண்டு. கீழே ஒன்றும் இல்லாமல் வெறும் கை இருந்தால்? வார்னிஷ் இத்தனை வருடத்தில் இறுகிப்போய், என் வர்ணத்தோடு மாஸ்டரின் சதையும் பிய்ந்து வந்தால்? படமும் போகும், வேலையும் போகும், கன்னியம்மாவுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது. திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

வீட்டில் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை (எங்கள் ஸ்டுடியோவுக்குத்தான் விடுமுறை கிடையாது), அதனால் கன்னியம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவில்லை, பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திருடி என்று புகார் கொடுத்துவிட்டு அவளிடமே பாத்திரமும் தேய்க்கக் கொடுத்திருந்தார்கள். கேட்டால், ஓடிவிடாமல் இருக்க என்று சொன்னார்கள்.

நான் டிரேசிங்கைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். ஹேமா அதை வாங்கிப் பின்பக்கம் பார்த்தார். சுமதி எழுந்துவிட்டார்.

“நான் கண்ணால பார்த்தேன்னு சொல்றேன், நீங்க கதை சொல்றீங்க. நீங்க எந்த ஊரு? விஜயபுரம் பக்கம்தானே? அவளும் அந்தப் பக்கம்தானே?”

இது வரும் என்று எதிர்பார்த்துத்தான் வந்தேன். இருந்தாலும் வந்தபோது சுருக்கென்றது.

“அம்மா, துடைச்சுக் காட்டறேன். கீழே மாஸ்டர் போட்ட கை இருக்கும். நான் சொல்றது பொய்யா இருந்தா என்னையும் அவளோட சேர்த்து ஸ்டேஷனுக்கு அனுப்புங்க” என்றேன்.

“மாஸ்டர் படத்துல நீங்க கை வைப்பீங்களா?” என்று சொல்லிக்கொண்டே சுமதி மாஸ்டருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். ஏகாம்பரம் வந்திருக்கிறார், படத்தைத் துடைக்கப் போகிறேன் என்கிறார், உங்களுக்குத் தெரியுமா என்று தெலுங்கில் படபடவென்று கேட்டார்.

மாஸ்டர் தமிழில், நிதானமாகச் சொன்னார். “மேல இருக்கறது அவர் வேலை அம்மா. அவர் எடுத்தா எடுக்கட்டும். கீழ இருக்கறது என் வேலை. அது போகாது.”

போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் இருந்த காலம்வரை இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேலையை விட்டும் அனுப்பவில்லை. நியாயத்துக்காகச் சொன்னாரா, தான் போட்ட கை எப்படிப்பட்டது என்று நாலு பேர் பார்க்கட்டும் என்ற கர்வத்தில் சொன்னாரா? நான் கர்வம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சொன்னார். மலர்க்காரர்கள் இதையாவது போடட்டும்.

“கன்னியம்மாவையும் கூப்பிடுங்க” என்றேன். அவள் ஈரக் கையோடு வந்து சமையலறைக் கதவோரம் நின்றாள். முகம் பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

படத்தைக் கீழே இறக்கிச் சோபாவில் சாய்த்தோம். குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் பாதி டர்பன்டைன் கலந்து, வங்கியின் கூர்முனையில் உருட்டினேன். தேய்க்கக்கூடாது, உருட்ட வேண்டும். முதல் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. இரண்டாவதும் அப்படியே. சுமதி மூச்சை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. மூன்றாவது பஞ்சில் மஞ்சள் இறங்கியது. பிறகு சிவப்பு. கிளி ஒன்று தலையில்லாமல் நின்றது, பிறகு அதுவும் போனது. பஞ்சை மாற்றி மாற்றி உருட்டினேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். யாரும் உட்காரவில்லை.

கீழே மாஸ்டரின் சதை அப்படியே இருந்தது. வயதான கை, கொஞ்சம் தொங்கிய தோல், அதன் நடுவில் ஒரு தேள். பச்சை குத்தியது. பழைய பச்சை, ஓரமெல்லாம் கலங்கி, கொடுக்கு மேலே வளைந்து, பக்கத்தில் மூன்று புள்ளி. எங்கள் பக்கத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளைச் சிறு வயதில் திருவிழாவில் உட்காரவைத்துக் குத்திவிடுவார்களே, அதே தேள். அது தோலுக்கு மேலே இல்லை, தோலுக்குள் இருந்தது. அப்படி வரைந்திருந்தார் மனிதர்.

ஹேமா அதன்மேல் விரலை வைத்தார். “சின்ன வயசுல இதைத் தொட்டுக்கிட்டுதான்கா தூங்குவேன்” என்று சொல்லி அழுதார். “அம்மா வங்கி போட்டதே இல்லக்கா. நீயும் நானும் இந்தப் படத்தைப் பார்த்துதான்…”

சுமதி அழவில்லை. நேராக உட்கார்ந்தார். போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினார். தப்பு நடந்துவிட்டது, நகை விஷயம் வேறு, புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம், நாளைக்கே வந்து எழுதிக் கொடுக்கிறோம் என்றார். வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“மறுபடியும் போட்டுடுங்க. ரிலேடிவ்ஸ் வந்து போற வீடு.”

“முடியாதும்மா” என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். கதவோரம் திரும்பி, “கன்னியம்மா, அவருக்குக் காபி போடு” என்றார். வழக்கமான குரல். தினமும் காலையில் சொல்வது போலவே சொன்னார்.

கன்னியம்மா அசையவில்லை. படத்துக்குப் பக்கத்தில் வந்து அந்தத் தேளைப் பார்த்தாள்.

“அம்மா முழங்கை வரைக்கும்தான் ரவிக்கை போடுவாங்க. படத்துக்குப் போறன்னிக்கு மட்டும் கை சின்னதா ஒண்ணு தைச்சுக்கினு வரச் சொன்னாங்க. நான்தான் டெய்லர்கிட்ட குடுத்து வாங்கியாந்தேன். இத்தினி நாள் மறைச்சது போதுண்டி, படத்துலயாச்சும் இருக்கட்டும்னாங்க. படம் வந்தப்போ பார்த்துட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பெண்கள் இருவரும் தலை நிமிரவில்லை.

நான் குச்சிகளைப் பொறுக்கி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். பரவாயில்லை என்று சொல்லத் தயாராகவும் இருந்தேன்.

“ணா. என் வூட்டு அரிசியை தெருவுல கொட்டுனப்போ ஒரு அட்டைய தூக்கிக் காட்டிக்கினு நின்னாங்க. அது நீ வரைஞ்சதா?”

“ஆமா.”

“இல்லாத நகைன்னு அப்போ உனுக்குத் தெரியாதா?”

“மறந்துட்டேன் கன்னியம்மா. சத்தியமா மறந்துட்டேன்.”

“மறந்தது சரி.” குரலை உயர்த்தவில்லை. “அந்தம்மாங்க பெரிய வூட்டுக்காரங்க, அவங்க நெனைச்சது எனுக்குப் பெருசில்ல. நீ நம்ம ஊருக்காரன். உன் எதுர்லயும் தட்டுல நகைய வச்சுக்கினு கண்ணெடுக்காம பார்த்துக்கினு நின்னாங்க, நான்தான் கதவாண்ட நின்னேனே. வரையறப்போ, இவ எடுத்திருக்க மாட்டான்னு ஒரு தபாவாச்சும் தோணுச்சா உனுக்கு?”

இரண்டு நாள் வரைந்தேன். ஒரு முறைகூடத் தோன்றவில்லை. அதை அவளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.